நின்ற பிறகும் ஆடுகிற சுவர்

அந்த ஓட்டலில் ஒன்பது மாடிகள். மாடிக்குப் பதினெட்டு அறைகள். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், ஒரு கட்டில், ஓர் அலமாரி, கண்ணாடி மங்கிப்போன ஒரு குளியலறை. அத்தனை சுவர்களிலும் ஒரு தடவையாவது போய் முட்ட வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை.

நிஜமான ஓட்டல் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கேம் கம்பெனி ஒன்று இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்த பேய் விளையாட்டு. விளையாடுகிறவரின் உருவம் திரையில் வராது; அவருடைய கண் வழியாகத்தான் எல்லாம் தெரியும். கீழ் மூலையில் டார்ச் பிடித்த ஒரு கை மட்டும் இருக்கும். மீதி ஆள் நீதான் என்று அர்த்தம்.

அவள் டெஸ்டர். விளையாட்டு கடைக்குப் போவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே உடைசல் என்று கண்டுபிடித்து எழுதுகிறவள். முட்டும்போது சுவர் சுவராக நின்றால் நல்லது. சில சுவர்கள் நிற்காது. முட்டியவள் அப்படியே புகுந்து மறுபக்கம் போய், அடியே இல்லாத ஒரு சாம்பல் வெளியில் விழுந்துகொண்டே இருப்பாள். அப்படி விழுந்தால் அன்றைக்கு நல்ல வேட்டை. எந்த மாடி, எந்த அறை, எந்தச் சுவர், எப்படிப் போய் முட்டினால் விழலாம் என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று படி போட்டு எழுதிப் பொதுப் பட்டியலில் ஏற்றிவிடுவாள். இதற்கு பக் போடுவது என்று பெயர். அவள் எழுதிய படிகளின்படியே வேறொருவர் செய்து பார்த்து, அவரும் விழுந்தால்தான் அது பக். அவர் விழவில்லை என்றால், ‘மறுபடி வரவில்லை’ என்று எழுதி மூடிவிடுவார்கள். புதிய படிகளோடு வந்தால் ஒழிய, அதற்குமேல் அப்பீல் கிடையாது.

பேய்கள் இன்னும் தயாராகவில்லை. அடுத்த மாதம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, பேய்கூட இல்லாத பேய் ஓட்டலில், காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, டார்ச் அடித்துக்கொண்டு அவள் ஒருத்தி மட்டும் நடந்துகொண்டிருந்தாள்.

நடந்தால் வாந்தி வந்தது.

காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். இதை எதைத் தொட்டுக் காட்டுவது? நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறவளுக்கு, குண்டும் குழியுமான பாதையில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போகிறவளுக்கு வருவது வந்தது. முதலில் கொட்டாவி. தூக்கக் கொட்டாவி இல்லை; தாடை கழன்றுவிடுவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக. அப்புறம் நாக்கடியில் எச்சில் ஊறும். அப்புறம் புருவத்துக்கு மேலே ஜில்லென்று வியர்க்கும். வியர்த்துவிட்டால் நேரமில்லை. காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், ஓடாததுபோல ஓட வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. வேலை நிரந்தரமாவதற்கு முன்னால் வைத்திருந்த ஆறு மாதப் பரீட்சைக் காலம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. டீம் லீடர், கையில் காப்பிக் கோப்பையோடு வரிசை வரிசையாக நடந்துவருகிற மனிதர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒருநாள் சொன்னார்:

“என்ன இருபத்தேழு, எந்த மாடியில இருக்கீங்க?”

டெஸ்டர்களுக்குப் பட்டியலில் பெயர் கிடையாது, நம்பர்தான். அவள் இருபத்தேழு. நாளடைவில் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

“மூணு முடியப்போகுது சார்.”

“மூணா? லிஃப்ட் ரிப்பேரா?” தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு, “மாசக் கடைசிக்குள்ள ஒன்பதும் முடிங்க. அப்பத்தான் உங்க பேரை பர்மனென்டுக்கு அனுப்ப முடியும். உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவன் ரெண்டாவது மாடியிலேயே தலை சுத்துதுன்னு கிளம்பிட்டான்.”

“இப்ப எங்க சார் இருக்கார்?”

“யாருக்குத் தெரியும்? விளையாடவே முடியாதவன் எங்க போய் என்ன வேலை பார்ப்பான், சொல்லுங்க.”

அவளும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் முகத்தில் எழுதி ஒட்டியதுபோலத் தெரிந்துவிடும் என்று பட்டது.

வீட்டில் சொல்லலாமா என்றால், அது இதைவிட மோசம். அந்த வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள். மிதித்ததோடு நிற்காமல் பட்டத்தோடு வெளியே வந்தவள். அண்ணன் கிராமத்துக்கும் டவுனுக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறான். அவளுக்கு அவன் வைத்த பெயர் வாளி. பள்ளிக்கூடம் போகிற வயதில் பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பாள் என்று கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி கொடுத்து அனுப்புவார்கள். பட்டம் வாங்கிய பிறகும் பெயர் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டே போன் பண்ணுவான்.

“என்ன வாளி, என்ன பண்றே?”

“சும்மாதாண்ணா இருக்கேன்.”

“சும்மா இருந்தாலும் சம்பளம், விளையாடினாலும் சம்பளம். கொடுத்து வெச்சவ. இங்க நான் ஸ்டியரிங்கைக் கட்டிக்கிட்டு அழுறேன்.”

“அப்பா என்ன பண்றாரு?”

“வேறென்ன? என் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர்ல விளையாடுறதுக்குச் சம்பளம் கொடுக்கிறாங்கன்னு போறவர்றவங்களை நிறுத்தி வெச்சுச் சொல்றாரு. நேத்து என் வண்டியில ஒருத்தர் ரொம்ப கவலையா கேக்குறாரு, ‘தம்பி, உன் தங்கச்சி விளையாட்டுல தோத்துட்டா சம்பளத்தைப் பிடிப்பாங்களா?’ன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“என் தங்கச்சி தோக்க மாட்டான்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?”

இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? விளையாடத் தெரியாமல் திரும்பிவந்தவள் என்று ஒரு பட்டம் எந்தக் காலேஜிலும் கொடுப்பதில்லை. ஊரில் கொடுப்பார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத குறையாக வைத்திருப்பார்கள். அவள் போனை வைத்துவிட்டு, அறையின் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். கட்டில் இருந்தது. ஆனால் கட்டிலில் படுத்தால் லேசாக ஆடுவதுபோல இருந்தது. தரை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் ஒரு கை நீளத்தில் பக்கத்துக் கட்டடத்தின் பூசாத சுவர். கண்ணை மூடினால் ஓட்டலின் தாழ்வாரம் தானாக வந்து நகரும். அதனால் கண்ணைத் திறந்துவைத்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின.

அவளுடைய வாந்தியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள், அந்தத் தளத்தின் பாத்ரூமைச் சுத்தம் செய்கிற அக்கா. மூன்றாவது கதவு, தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒருநாள் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது, மாப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தனை மாசம்மா ஆச்சு?”

“ஆறு ஆகப்போகுதுக்கா.”

அக்காவின் கண் கீழே இறங்கியது. “ஆறா? வயிறே தெரியலையே!”

“ஐயோ அக்கா! நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்.”

“அப்ப இது?”

“கேம் விளையாடினா வருதுக்கா.”

“ஓடி ஆடி விளையாடுவீங்களா?”

“இல்லக்கா. உக்காந்துக்கிட்டுதான்.”

அக்கா இதை யோசித்துப் பார்த்தாள். “அப்ப எந்திரிச்சிட வேண்டியதுதானே.”

“எந்திரிச்சா வேலை போயிடும்.”

அக்கா குனிந்தாள். வாளியில் மாப்பை முக்கிப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், “எனக்கு இந்த பினாயில் வாசனையே ஆகாது. மூக்குல ஏறினா அன்னைக்குப் பூரா தலைவலி. பதினோரு வருஷமாச்சு” என்றாள்.

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“பாத்ரூம் கழுவ வந்தவ பினாயில் ஆகாதுன்னு சொன்னா, யாராவது கேப்பாங்களா?” என்று சொல்லி அக்கா சிரித்தாள். மறுநாளிலிருந்து மூன்றாவது கதவு எப்போதும் உலர்ந்து, சுத்தமாக இருந்தது. தாழ்ப்பாளில் ஒரு கயிறு கட்டியிருந்தது.

அவள் தன்னால் முடிந்ததை எல்லாம் செய்துபார்த்தாள். பாதி எலுமிச்சம்பழத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சின்ன மின்விசிறி ஒன்றைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராக வைத்தாள். அதற்கு, “ஹீரோயின் முடி பறக்குது” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வந்துபார்த்தாள்; அது இன்னும் மோசம். நாலு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு வந்தால் தாங்கியது. நாற்காலியைத் திரையிலிருந்து ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினாள். திரையின் நட்டநடுவில் கறுப்பு மையால் ஒரு பொட்டு வைத்து, எல்லாம் சுழன்றாலும் இது சுழலாது என்று அதையே பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொன்றும் சில நிமிஷங்களைச் சேர்த்துக் கொடுத்தது.

அந்த நிமிஷங்களை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாள். அவளுக்கு எழுதாமல் இருக்க முடியாது. ஆறு மாத வேலை அவளை அப்படி ஆக்கியிருந்தது. ‘22 - கொட்டாவி. 27 - எச்சில். 33 - வியர்வை. 36 - ஓட்டம்.’ எலுமிச்சை இருந்த நாள், இல்லாத நாள், பிஸ்கட் தின்ற நாள், தின்னாத நாள். வியர்வைக்கு முன்னாலேயே எழுந்து, பத்து நிமிஷம் ஜன்னலோரம் நின்று தூரத்தில் தெரிகிற தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தால், வாந்தி இல்லாமல் இன்னொரு இருபது நிமிஷம் ஓட்டலாம். ஆனால் அப்படி நடந்தால் மாடிகள் முடியாது. மாடிகள் முடிய வேண்டும் என்றால் வாந்தி எடுக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

மாலையில் அறைக்கு நடந்து போகும்போது கம்பவுண்டு சுவர்களை விரலால் தொட்டுக்கொண்டே போவாள். எப்போது தொடங்கிய பழக்கம் என்று அவளுக்கே தெரியாது. ஒரு தடவை ஒரு சுவரில் தோளைச் சாய்த்து நின்றும் பார்த்தாள். சுவர் நின்றது. விழவில்லை. எதிரே வந்த ஒரு அம்மா, “என்னம்மா, மயக்கமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். ஆறாவது மாடியில் பாதி. அன்றைக்கு முதன்முறையாக ஒரே நாளில் மூன்று தடவை ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்கு ஒரு யோசனை வந்தது. சுவரில் விழுந்தால் பக் போடுகிறோம். இதுவும் இந்த ஓட்டலால் வருவதுதானே? எழுதினாள்:

‘நீண்ட நேரம் விளையாடும்போது சிலருக்கு அசௌகரியம் ஏற்படலாம்.’

நாலு தடவை அழித்து, ஐந்தாவதாக எழுதிய வாக்கியம். அதில் அவள் எங்குமே இல்லை. இருபத்தேழு என்ற நம்பர் மட்டும் மூலையில் தானாக விழுந்தது.

மறுநாள் காலையில் பதில் இருந்தது. கேமராக்காரர் எழுதியது. விளையாட்டில் கண் எப்படி அசைய வேண்டும் என்று புரோகிராம் எழுதுகிறவர். இரண்டு மாடி மேலே உட்காருகிறவர். அவள் அவரைப் பார்த்ததில்லை. ‘யாருக்கு? எந்த மாடியில்? எத்தனை நிமிஷத்தில்? படிகள் இல்லை. நான் நடந்துபார்த்தேன், எனக்கு ஒன்றும் இல்லை. மறுபடி வரவில்லை.’ மூடியாகிவிட்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். படி இல்லாத பக்கை அவளே ஆயிரம் தடவை கிண்டல் பண்ணியிருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் பண்ணியபோது அவள் குரல் தேய்ந்திருந்தது.

“என்ன வாளி, தொண்டை கட்டியிருக்கா?”

“பஸ்ஸுல போனேண்ணா. ஒத்துக்கல.” பொய்தான்.

“இந்த வயசுலயுமா? நான் ஒரு நாளைக்குப் பதினாலு டிரிப் அடிக்கிறேன், ஒரு ஏப்பம்கூட வந்ததில்ல.”

“உனக்கு ஏன் வர்றதில்ல?”

“ஓட்டுறவனுக்கு எப்படி வரும்? வளைவு வர்றதுக்கு முன்னாடியே என் உடம்பு வளைஞ்சிடும். பிரேக்கை மிதிக்கப்போறது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அதான் உனக்கு வருது. போன மாசம் மாற்று டிரைவர் ஓட்டினான், நான் பின்னாடி உக்காந்தேன். ரெண்டாவது வளைவுல குடலைப் பிரட்டிருச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத, வண்டில ஏறவே மாட்டாங்க.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னடி, இருக்கியா?”

“அண்ணா, ஓட்டுறதும் நீதான். ஆனா நீ மிதிக்காத பிரேக்கை வேற யாரோ மிதிக்கிறாங்கன்னு வெச்சுக்கோ. அப்ப?”

“அப்ப நானும் வாளி வாங்கிக்கிட்டுதான் ஏறணும்” என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். தண்ணீர்க் குழாயின் சத்தம் கேட்டது. அவன் வண்டியின் டயரைக் கழுவப் போய்விட்டான்.

திங்கட்கிழமை அவள் எந்தச் சுவரிலும் முட்டவில்லை. ஆறாவது மாடித் தாழ்வாரத்தில், ஒரு கதவுக்கு எதிரே போய் நின்றாள். திரையில், கதவின் கைப்பிடி தெரிகிற இடத்தில் கண்ணாடி டேப் ஒன்றை ஒட்டி, அதன்மேல் பேனாவால் சரியாகக் கைப்பிடியின் நுனியில் ஒரு புள்ளி வைத்தாள். கீபோர்டிலிருந்தும் மவுஸிலிருந்தும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

கைப்பிடி புள்ளியை விட்டு மேலே போனது. ஒரு அரிசி அளவு. பிறகு இறங்கியது. மறுபடி மேலே.

அவள் நடக்கவில்லை. தொடவில்லை. ஆனாலும் ஓட்டல் ஆடிக்கொண்டிருந்தது. ஓரடி நடந்து நின்று பார்த்தாள். அவள் நின்ற பிறகு, கண் இன்னும் அரை அடி போய், தயங்கி, திரும்பி வந்தது. டார்ச் பிடித்த கை மூச்சுவிடுகிறது, நடந்தால் தலை மேலும் கீழும் ஆடுகிறது, நின்றால் அந்த ஆட்டம் மெல்ல அடங்குகிறது. நிஜம்போல இருக்கட்டும் என்று யாரோ பாசத்தோடு செய்துவைத்த வேலை. அவளுடைய தலையைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் பிடித்து, அவளைக் கேட்காமல், நாள் முழுக்க மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தன.

மதியம் வரை அளந்தாள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, மூடிய பக்கைத் திறந்து எழுதினாள்.

‘யாருக்கு: எனக்கு.’

அந்த இடத்திலேயே கால்மணி நேரம் நின்றாள். இந்தப் பட்டியலை நாற்பது பேர் படிப்பார்கள். டீம் லீடர் படிப்பார். பின்வரிசை படிக்கும். இருபத்தேழு யார் என்று அந்தத் தளத்தில் தெரியாத ஆளில்லை. இதை அனுப்பினால், விளையாட முடியாதவள் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல. அனுப்பாவிட்டால், மாதக் கடைசிக்குள் முடியாத மூன்று மாடி. இரண்டிலும் வீட்டுக்குத்தான் பஸ்.

தொடர்ந்து எழுதினாள். ‘படி 1: நாலு பிஸ்கட் சாப்பிடவும். படி 2: எந்த மாடியிலும் நடக்கத் தொடங்கவும். நடுவில் எழக் கூடாது. படி 3: 22ஆம் நிமிஷத்தில் கொட்டாவி வரும். 27இல் எச்சில் ஊறும். 33இல் நெற்றி வியர்க்கும். படி 4: 36ஆம் நிமிஷத்தில் நான் பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுக்கிறேன். ஐந்து மாதத்தில் இது வராத வேலைநாள் நான்கு. காரணம்: நான் நின்ற பிறகும் கண் நிற்பதில்லை. டேப்பில் அளந்த படம் இணைத்திருக்கிறேன். குறிப்பு: மூன்று நிமிஷம் நடந்துபார்த்தால் மறுபடி வராது. தயவுசெய்து நாற்பது நிமிஷம் நடக்கவும்.’

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பின்வரிசையில் பேச்சு அவள் வந்ததும் நின்றது, அவ்வளவுதான். டீம் லீடர் காப்பிக் கோப்பையோடு வந்தவர், அவள் நாற்காலி வரைக்கும் வராமல், ஒரு வரிசை முன்னாலேயே திரும்பிவிட்டார். அவள் ஏழாவது மாடிக்கு ஏறினாள். மதியம் தனியாக பன்னைக் கடித்துக்கொண்டு பட்டியலைத் திறந்தாள். அவள் எழுதியதற்குக் கீழே ஒரு வரி புதிதாக இருந்தது. முப்பத்தொன்று எழுதியது. வேறொரு நகரத்துக் கிளையில் உட்கார்ந்து இதே ஓட்டலில் கதவுகளைத் திறந்து மூடிப் பார்க்கிற யாரோ.

‘எனக்கும். 34ஆம் நிமிஷம். எங்கள் பாத்ரூம் லிஃப்டுக்குப் பக்கத்தில்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பன்னைக் கீழே வைத்தாள். அந்த ஆள் ஆணா பெண்ணா, வயது என்ன, எப்படி இருப்பார், ஒன்றும் தெரியாது. ஆனால் இந்த ஐந்து மாதமும் அந்தக் காலி ஓட்டலில், அதே தாழ்வாரத்தில், அவளுக்குத் தெரியாமல் இன்னோர் ஆளும் எச்சிலை விழுங்கிக்கொண்டு நடந்திருக்கிறார். எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்தபோது அக்கா, “இன்னைக்குச் சீக்கிரமே வந்துருச்சா?” என்றாள். “இல்லக்கா, இது வேற” என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலை, தாடி வைத்த, கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் வந்து அவள் மேஜை அருகே நின்றார்.

“இருபத்தேழு நீங்கதானே? நான் கேமரா எழுதறவன். நாற்பது நிமிஷம் நடக்கச் சொல்லியிருந்தீங்க. இங்கேயே உக்காந்து நடக்கலாமா?”

அவள் நாற்காலியைக் கொடுத்தாள். பக்கத்தில் நின்று மணியைப் பார்த்தாள். அவர் நன்றாகவே நடந்தார். தன் கேமராவின் பெருமையைச் சொல்லிக்கொண்டே நடந்தார். “பாருங்க, இந்த மூச்சு அசைவு, எட்டு மாச வேலை. நிஜ ஆள் மாதிரியே இருக்கும்.”

“இருக்கு சார்” என்றாள் அவள்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இருபத்தைந்தாவது நிமிஷத்தில் வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டார். அடுத்தது உடனே வந்தது.

“ராத்திரி சரியா தூங்கல” என்றார்.

“சரிங்க சார்.” நோட்டில் எழுதினாள்: 25.

முப்பதில் அவர் தொண்டை ஏறி இறங்கியது.

“எச்சில் ஊறுதா சார்?” என்று மெல்லக் கேட்டாள். டாக்டர் கேட்பதுபோல வந்தது குரல்.

அவர் விழுங்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் போனார். முப்பத்தேழில் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். முகம் மாவு பூசியதுபோல இருந்தது. “பாத்ரூம்...”

“இடது பக்கம் சார். ஆண்களுக்கு அடுத்த கதவு.”

அவர் ஓடாததுபோல ஓடினார். அந்த நடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பின்வரிசை முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை புதிதாக வந்த பதிப்பில், செட்டிங்ஸில் ஒரு வரி கூடியிருந்தது. தலை அசைவு: வேண்டும், வேண்டாம். பட்டியலில் கேமராக்காரர் எழுதியிருந்தார்: ‘மறுபடி வந்தது.’ அவ்வளவுதான். டீம் லீடர் இந்தத் தடவை அவள் நாற்காலி வரைக்கும் வந்தார்.

“எந்த மாடி?”

“எட்டு முடியப்போகுது சார். ஒன்பது மிச்சம்.”

“முடிச்சிடுங்க. உங்க பேரை வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன்.” கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பையன்... முன்னாடி இருந்தவன். அவனுக்கும் இதுதானோ?”

“இருக்கலாம் சார்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றார். யாரைத் திட்டினார் என்று அவளுக்குப் புரியவில்லை. காப்பியைக் குடிக்காமலே போனார்.

சரிசெய்ததை, பக் போட்டவளே சோதித்து முடித்துவைக்க வேண்டும் என்பது முறை. அதற்கு முன்னால் முப்பத்தொன்றுக்கு ஒரு வரி எழுதலாம் என்று அந்த நம்பரைத் தொட்டாள். நம்பர் சாம்பல் நிறத்தில் இருந்தது. ‘பணியில் இல்லை.’ பக்கத்தில் தேதி. ‘எனக்கும்’ என்று எழுதிய அதே நாள்.

கடைசி நாள் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். இனி தனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்த பிறகு. அல்லது தெரிந்ததால்தான். அவள் சாம்பல் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுவதற்கு முகவரி இல்லை. பெயர்கூட இல்லை. அந்தப் பக்கத்து பாத்ரூம் லிஃப்டுக்குப் பக்கத்தில் என்பது மட்டும் தெரியும்.

தலை அசைவு ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு ஒன்பதாவது மாடிக்குப் போனாள். எலுமிச்சையைப் பைக்குள் போட்டாள். திரை நடுவில் இருந்த பொட்டைத் துடைத்தாள். நடந்தாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. மாலையும் ஆயிற்று. கொட்டாவி வரவில்லை. பதினெட்டு அறைகளையும் முட்டி முடித்து, தாழ்வாரத்தின் கோடியில் போய் நின்றாள். அவள் நின்றதும் தரை நின்றது, டார்ச் நின்றது, சுவர் நின்றது. பேய்கள் நாளைக்குத்தான் வருகின்றன. ஓட்டல் முழுக்க ஒரு சத்தமில்லை. யாராவது ஒரு கதவைத் திறந்து மூடினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பட்டியலைத் திறந்து எழுதினாள். ‘சரியாகிவிட்டது.’ அதற்குக் கீழே, ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் 27 தானாக விழுந்திருந்தது. கர்சரை அதற்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கமா போட்டு, 31 என்று சேர்த்தாள்.

பட்டியல் அதை ஏற்றுக்கொண்டது.